சாமித்தம்பியின் நாற்பது பேர்

“இவன் இரிக்கட்டும். இவனும் இரிக்கட்டும். இவனுக்கு முழங்கால் போயிற்று. பாவம்தான். ஆனா பாவம் பாத்து டீம் நடத்தேலாது, மனே.”

சலவை இயந்திரத்தின் மூடிமேல் விரித்துவைத்த தாளில் சாமித்தம்பி ஒரு பெயரைக் குறுக்கே கோடிட்டு வெட்டினார். இயந்திரம் துணியைப் பிழியத் தொடங்கினால் மூடி அதிரும், பேனை நடுங்கும். அப்போது கையை எடுத்துக்கொண்டு, அது ஓயும்வரை பொறுத்திருப்பார். ஓர் ஆளை நீக்குவதென்றால் கோடு நேராக விழவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் அவர் குடியிருந்த பதினெட்டு மாடிக் கட்டடத்தின் நிலவறையில்தான் உடுப்புத் தோய்க்கும் அறை. ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமைக் காலைகளில் அவரை அங்கேதான் பிடிக்கவேண்டும். நாற்பத்தைந்து வயது. கட்டையான, உறுதியான உருவம். இரண்டு ஸ்வெற்றர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, உள்ளே இருப்பதன் கழுத்துப் பட்டியை வெளியே எடுத்துவிட்டிருப்பார். வீட்டில் மேசை இருந்தது. ஆனால் அங்கே தங்கேஸ்வரி ‘இதென்ன வேல?’ என்று கேட்பார். கீழே கேட்பதற்கு, ஒன்பதாம் மாடிச் சண்முகலிங்கத்தைத் தவிர ஆளில்லை.

“உவங்கள் ஆர் அண்ணை? சங்கத்து ஆக்களோ?” என்று சண்முகலிங்கம் முதல் தடவை கேட்டார். யாழ்ப்பாணத்து இளைஞர், ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை.

“சங்கமில்ல மனே. என்ட டீம். வோரன்டேல். மெல்பேண்ல இரிக்கு. நாப்பது பேர். வாற வருசத்துக்கு ஆர வச்சிரிக்கிற, ஆர விடுற எண்டு பாக்கன்.”

“அண்ணைக்கு அவங்களைத் தெரியுமோ?”

“ஒருத்தனையும் கண்ணால கண்டதில்ல.”

இதைச் சொல்ல அவர் கூச்சப்படவில்லை. ஆளைக் காணாதவனால்தான் சரியாகத் தீர்மானிக்க முடியும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். பக்கத்தில் இருப்பவனுக்கு முகதாட்சண்யம் வந்துவிடும். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவனிடம் இலக்கங்கள் மட்டும்தான் வந்து சேரும். இலக்கம் பொய் சொல்லாது.

மட்டக்களப்புக்குத் தெற்கே கல்லாற்றில் பிறந்த சாமித்தம்பி, மீனைக் குளிரில் வைத்துக் காக்கும் தொழில்நுட்பம் படிக்க அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று, எழுபதாம் ஆண்டு மெல்பேண் போனவர். வோரன்டேல் என்ற புறநகரில், வேரோனிக்கா என்ற விதவை அம்மையாரின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. வீட்டின் பின்வேலிக்கு அப்பால் கழகத்தின் மைதானம். முதற் சனிக்கிழமை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர், ஊரில் ஏதோ கலகம் மூண்டுவிட்டது என்றே நினைத்தார். அது அவுஸ்திரேலியர்களின் சொந்தக் கால்பந்தாட்டம். பந்து முட்டை வடிவம். மைதானமும் முட்டை வடிவம். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். முனைக்கு நாலு கம்பங்கள். பந்தை உதைக்கிறார்கள், கையால் குத்துகிறார்கள், இன்னொருவன் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பி வானத்திலேயே பிடிக்கிறார்கள். இரண்டாவது சனிக்கிழமை வேரோனிக்கா அவரை மைதானத்துக்கே கூட்டிப்போனார். அங்கே விற்ற இறைச்சிப் பணியாரத்துக்குள் மாட்டிறைச்சி. உள்ளீட்டை அம்மையார் கரண்டியால் வழித்து எடுத்துக்கொள்வார். மேல் மாவோட்டைத் தக்காளிச் சாற்றில் தோய்த்துச் சாமித்தம்பி தின்பார். இரண்டு வருடம், ஒரு சனிக்கிழமை தவறாமல், இந்தப் பங்கீடு நடந்தது.

படிப்பு முடிந்து ஊர் திரும்பி, கலியாணம் முடித்து, கொழும்பில் ஓர் ஐஸ் தொழிற்சாலையைப் பொறுப்பெடுத்து நடத்தினார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வாடகை வீடும் வீட்டுச் சாமான்களும் எரிந்துபோயின. அடுத்த வருடம் தங்கேஸ்வரியுடன் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியபோது, பழைய நாட்களில் மிஞ்சியிருந்தது மனத்தில் தங்கிய ஒரு முகவரி மட்டும்தான். தெரு இலக்கம் ஞாபகமிருந்தது. தபால் இலக்கம் ஞாபகமில்லை. எழுதிப் போட்டார். ஐந்தாம் வாரம் வேரோனிக்காவின் பதில் வந்தது. அம்மையாருக்கு எழுபது வயது. கழகத்தின் ரசிகர்களுக்காக மாதம் நாலு பக்கச் செய்தித்தாள் ஒன்றைத் தானே தட்டச்சுச் செய்து வெளியிட்டுக்கொண்டிருந்தார். கடிதத்துக்குள் அந்த வருடத்து ஆட்டக்காரர் பட்டியல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே வயது, ஆடிய ஆட்டங்கள், உதைகள், பிடிகள், கோல்கள். கீழே பேனையால் ஒரு வரி: “சாமி, நீ என்ன நினைக்கிறாய்?”

அந்தக் காலத்தில் அவரிடம் அப்படிக் கேட்டவர்கள் வேறு எவரும் இல்லை. மேற்கே எற்றோபிக்கோவில், உறைந்த உணவு சேமிக்கும் பெரிய களஞ்சியம் ஒன்றில் அவருக்கு வேலை. தட்டுகளை அடுக்குவது, தரையில் உறைந்த பனியைச் சுரண்டுவது. கம்பிரசர் பழுதாகும்போது, அது எங்கே பழுது என்று சத்தத்தைக் கேட்டே அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் தொட முடியாது. இந்த நாட்டு லைசென்ஸ் இல்லை. திருத்த வருகிறவன் அரை நாள் தேடிக் கண்டுபிடிக்கும்வரை, துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தார். மேற்பார்வையாளன் சிரித்து, அவர் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

ஆகவே அவர் வேரோனிக்காவுக்கு எழுதினார். ஆறு பக்கம். அம்மையார் அதில் ஒரு பக்கத்தைத் தன் செய்தித்தாளில் போட்டார், ‘ரொறன்ரோவிலிருந்து ஒரு குரல்’ என்று தலைப்பிட்டு. மறு வருடமும் போட்டார். வோரன்டேல்காரர்கள் அதை ரசித்துப் படிப்பதாகவும், மதுச்சாலையில் அதை வைத்து வாதாடுவதாகவும் எழுதினார். சாமித்தம்பி அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை வேலைக்குப் போய்வந்தார்.

அவருடைய தீர்ப்புகளில் ஓர் ஒழுங்கு இருந்தது. இருபத்தைந்து வயதுக்குள் எவனையும் வெட்டக்கூடாது. “எலும்பு முத்தட்டும்” என்பார். குடிகாரன் என்று கேள்விப்பட்டால் ஒரு வருடம் தவணை கொடுப்பார். இரண்டு ஃபோலிகள் இருந்தார்கள், அண்ணனும் தம்பியும். தம்பி டெனிஸ் ஃபோலிதான் அவருடைய செல்லப்பிள்ளை. பின்வரிசையில் நின்று ஓர் ஆட்டத்துக்கு இருபத்தாறு உதை. “இவன் ஒருத்தன் போதும் மனே, பின்பக்கத்தக் காவல் காக்க.” அதே பின்வரிசையில் முப்பத்தொன்றாம் இலக்கம் லெஸ் கார்மடி. வயது முப்பத்துமூன்று. பதினொரு வருடம் ஆடியவன். ஆட்டத்துக்கு நாலு உதை, இரண்டு பிடி. கோல் ஒன்றுமில்லை. வலது முழங்காலில் இரண்டு அறுவைச் சிகிச்சை.

எண்பத்தாறு ஒக்ரோபரில், அதிரும் சலவை இயந்திரத்தின்மேல் கோடு விழுந்தது இந்தக் கார்மடியின் பெயரில்தான். அந்த மாதம் களஞ்சியத்தில் ஒரு நிரந்தரப் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுத்திருந்தார்கள். சாமித்தம்பி விண்ணப்பித்தார், நேர்முகத்துக்குக்கூட அழைக்கவில்லை. அந்தச் சூட்டோடு எழுதிய கடிதத்தில், தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தின் கூர்மை முழுவதையும் காட்டினார். நாலு உதைக்கு ஓர் ஆளா என்று கேட்டார். கார்மடி பதினொரு வருடமாக ஆடவில்லை, நிழலுக்கு நிற்கிறார் என்று எழுதினார். ஒற்றைக் காலில் நிற்பவரைக் கழகம் ஏன் சுமக்கவேண்டும், கொக்கு வளர்க்கிறதா என்று முடித்தார். எழுதிவிட்டுத் தானே வாசித்துச் சிரித்தார். சண்முகலிங்கத்துக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார். அவரும் சிரித்தார்.

தைமாதம் வேரோனிக்காவின் பொதி வந்தது. புதிய பட்டியலில் கார்மடி இல்லை. அம்மையார் எழுதியிருந்தார்: “உன் கடிதத்தைப் போட்டிருக்கக்கூடாது என்று இப்போது நினைக்கிறேன். யாரோ அதை வெட்டி உடைமாற்றும் அறையின் பலகையில் குத்திவிட்டார்கள். கொக்கு என்ற சொல்லின் கீழ் கோடு வேறு. லெஸ் அதை நின்று வாசித்துச் சிரித்தானாம். வருடாந்த விருந்துக்கு வரவில்லை.”

உண்மையைச் சொல்லவேண்டும். அந்த நாள் சாமித்தம்பிக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

“பாத்தியா புள்ள,” என்றார் மனைவியிடம். “பத்தாயிரம் மைலுக்கு அங்கால என்ட சொல்லுக்கு ஒரு மதிப்பிரிக்கு. இஞ்ச ஒரு ஆணியக் கழட்ட விடுறானுகள் இல்ல.”

தையல் ஆலை வேலையால் வந்து, குளிர் உடுப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற தங்கேஸ்வரி கேட்டார்: “அந்த மனிசனுக்குப் பொஞ்சாதி புள்ள இரிக்கா?”

அது பட்டியலில் இல்லை.

பொதிக்குள் ஒரு வீடியோ கசற்றும் இருந்தது. வேரோனிக்காவின் மருமகன் கடைசி மூன்று ஆட்டங்களைப் படம்பிடித்திருந்தான். சண்முகலிங்கத்தின் டெக்கில் போட்டுப் பார்த்தார்கள். கறுப்பு வெள்ளைக் கோடுகள் உருண்டு உருண்டு ஓடின, மனிதரைக் காணவில்லை. அவுஸ்திரேலியக் கசற் இந்த நாட்டு டெக்கில் ஓடாது, மாற்றிப் பதியவேண்டும் என்றார்கள். ஜெராட் ஸ்ரீற்றில் இந்திக்காரர் ஒருவரின் வீடியோக் கடையில் கொடுத்துவிட்டு, சனிக்கு சனி தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரில் போய் விசாரித்துவந்தார். ஆறாவது சனி கையில் கிடைத்தது.

மறுநாள் ஞாயிறு பிற்பகல் சண்முகலிங்கத்தின் டெக்கைச் சாமித்தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்து மூவரும் இருந்து பார்த்தார்கள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அந்த மைதானம். வேரோனிக்காவின் பின்வேலி ஒரு கணம் வந்து போனது. பிறகு டெனிஸ் ஃபோலி பந்தோடு வெளிக்கிட்டான். “அந்தா! அவன்தான் என்ட ஆள்!” ஃபோலி ஓடினான், உதைத்தான். மறுகா ஓடினான், மறுகா உதைத்தான். ஒருவரும் அவனைத் தொடவில்லை. “எப்பிடி ஓடுறான் பாத்தியா? ஆரும் கிட்ட வரேலாது!”

தங்கேஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இந்த விளையாட்டை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அரைமணி நேரம் கழித்துச் சொன்னார்:

“இஞ்சேருங்க, அந்த முப்பத்தொண்டு ஆரு? அந்த மனிசன் பந்தத் தேடிப் போகவே இல்ல. உங்கட ஆளுக்கு வாற இடியெல்லாம் தான் வாங்கிக்கொண்டுதானே நிக்கி.”

சாமித்தம்பி முதலில் அதைக் காதில் எடுக்கவில்லை. பிறகு எழும்பிப் போய், கசற்றைப் பின்னால் ஓடவிட்டார்.

இந்தமுறை பந்தைப் பார்க்கவில்லை, முப்பத்தொன்றைப் பார்த்தார். முழங்காலில் துணி சுற்றியிருந்த, முன்தலை வழுக்கையான நெடிய மனிதன். பந்து ஃபோலியை நோக்கி வரும்போதெல்லாம், அந்த மனிதன் இரண்டடி முன்னதாகவே புறப்பட்டு, ஓடிவருகிறவனின் வழியில் தன் உடம்பைக் கொண்டுபோய் வைத்தான். மோதல் நடந்தது. அவன் விழுந்தான். ஃபோலி கையை நீட்டிப் பந்தை எடுத்தான். இலக்கம் ஃபோலியின் பெயருக்கு நேரே விழுந்தது. கார்மடி நிலத்தில் கையூன்றி, வலது காலை நீட்டியபடியே எழும்பி, மறுபடி தன் இடத்துக்குப் போய் நின்றான்.

முதற் கால்பகுதியில் ஃபோலிக்கு எட்டு உதை. அதில் ஆறு இப்படி வந்தவை. சாமித்தம்பி விரல் மடித்து எண்ணினார். நிறுத்தி, திருப்பி, மறுகாவும் எண்ணினார். ஆறுதான். வேரோனிக்காவின் பட்டியலில் இதற்கென்று ஒரு நிரல் இல்லை. இந்த வேலைக்கு எங்கேயும் நிரல் இல்லை.

“அண்ணை, உவரையோ கொக்கு எண்டு எழுதினீங்கள்?” என்றார் சண்முகலிங்கம். கேலியாகக் கேட்கவில்லை, ஞாபகம் வந்ததால் கேட்டார்.

சாமித்தம்பி ரீவியை நிறுத்திவிட்டு யன்னலருகே போய் நின்றார். கீழே வெல்லெஸ்லி ஸ்ரீற்றில் பனி கறுத்துக் கரைந்துகொண்டிருந்தது. “நான் கண்டதில்லையே,” என்றார், யாருக்கோ சொல்வதுபோல. “இலக்கத்தத்தானே கண்ட நான்.”

அதன் பின் வந்த நாட்களில் அவர் வேலைத்தலத்தில் கம்பிரசர் ஓசையைக் கேட்டால், காதை அந்தப் பக்கம் திருப்பாமல் நடந்தார். அவருக்கு வலித்தது எதுவென்று தங்கேஸ்வரிக்கு விளங்கியது. தன்னைத் தாளில் மட்டும் பார்த்துத் தள்ளிவிட்டார்கள் என்று மூன்று வருடமாகக் கொதித்த மனிதர், தாளை மட்டும் பார்த்து ஒருவனைத் தள்ளியிருந்தார்.

பங்குனி முழுவதும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். முதலில் நாலு பக்கம் வந்தது. அதில் மூன்று பக்கம் தன் கதையாக இருந்ததால் கிழித்தார். கடைசியில் அரைப் பக்கத்தில் நின்றது. கசற் பார்த்தேன், எண்ணினேன், ஃபோலியின் எட்டு உதையில் ஆறு உங்களால் வந்தவை, நான் எழுதியது தவறு. வேரோனிக்காவின் முகவரிக்கு அனுப்பி, லெஸ் கார்மடியிடம் சேர்க்கும்படி கேட்டிருந்தார். மூன்றாம் நாளே தபால் பெட்டியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். போய்ச் சேரவே பத்து நாள் ஆகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

பதில் வைகாசியில் வந்தது. கோடு போட்ட தாளில், அழுத்தி எழுதும் கைக்கு உரிய எழுத்து.

“அன்புள்ள திரு. சாமித்தம்பி, கடிதம் கிடைத்தது. முழங்கால் பற்றி நீங்கள் எழுதியது சரி. உங்களால் என்னை நீக்கவில்லை. கழகத்தின் குழு அதைச் செப்ரெம்பரிலேயே முடிவுசெய்துவிட்டது என்று பிறகு அறிந்தேன். ஆனால் யாராவது ஒருவர் என்னிடம் வந்து அதைச் சொல்லவேண்டியிருந்தது. உங்கள் கடிதம் பலகையில் ஏறிய பிறகு, அந்தச் சிரமம் அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. பதினொரு வருடம் ஆடினேன். இன்றுவரை ஒருவரும் என்னோடு அதைப் பற்றி வாய்திறந்து பேசவில்லை. வேறு விசேடமில்லை. அங்கே குளிர் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். லெஸ் கார்மடி.”

சாமித்தம்பி அதை இரண்டு தடவை வாசித்தார். மூன்றாம் தடவை தங்கேஸ்வரிக்குத் தமிழில் சொல்லத் தொடங்கி, ‘வாய்திறந்து’ என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

“என்னால போகல்ல எண்டு சொல்லுறார்,” என்றார் பிறகு.

“அதோட விட்டுரலாமா?” என்று கேட்டார் தங்கேஸ்வரி.

“இன்னொரு கடிதம் எழுதட்டா?”

“கடிதம் எழுதித்தானே இவ்வளவும் வந்த. அந்த மனிசன் என்ன கேக்கிது? ஒருத்தரும் பேசல்ல எண்டு சொல்லுது. பேசுங்க. அம்மையாருக்கிட்ட நம்பர் இரிக்காதா?”

இருந்தது. மறு தபாலில் வந்தது. வைகாசிக் கடைசிச் சனிக்கிழமை மாலை ஏழு மணி. மெல்பேணில் அப்போது ஞாயிறு காலை ஒன்பது. வீட்டில் இருப்பான் என்று வேரோனிக்கா எழுதியிருந்தார். வெளியே இன்னும் நல்ல வெயில். சாமித்தம்பி மதியத்திலிருந்தே ஆங்கிலத்தில் வசனங்களை எழுதித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். தாளோடு சோபாவில் வந்து அமர்ந்ததும், தங்கேஸ்வரி தாளைக் காட்டிக் கேட்டார்:

“இதையும் எழுதித்தான் வாசிக்கப்போறீங்களா?”

சாமித்தம்பி தாளை நாலாக மடித்து மனைவியிடம் கொடுத்துவிட்டு, இலக்கங்களைச் சுழற்றினார்.

நீண்ட இரைச்சல். பிறகு மணி. ஒரு பெண்குரல் எடுத்தது. அவர் தன் பெயரைச் சொன்னார். குரல் ஒரு கணம் தாமதித்து, பொறுங்கள் என்றது. றிசீவரை எதன்மேலோ வைக்கும் சத்தம். தூரத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பலகைத் தரையில் ஒருவர் நடந்து வருவது கேட்டது: ஒரு காலடி முழுதாக, மறு காலடி இழுபட்டு. முழுதாக, இழுபட்டு. அந்தக் கூடம் நீளமானதாக இருக்கவேண்டும். சாமித்தம்பி றிசீவரைக் காதோடு அழுத்தி ஒவ்வொரு அடியையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“லெஸ் பேசுகிறேன்,” என்றது ஒரு குரல்.

சாமித்தம்பி சோபாவிலிருந்து எழுந்து நின்றார்.